போகடெல்லோ நகரக் கொடி நிஜமாவே அவ்ளோ மோசமா?

அரைக்கம்பம்:
அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல போகடெல்லோன்னு ஒரு சின்ன ஊரு. அந்த ஊரோட பழைய கொடிதான் வட அமெரிக்காவுலயே மட்டமான நகரக் கொடின்னு எங்க பாத்தாலும் சொல்றாங்களேன்னு நேத்து ராத்திரி படத்தைத் தேடிப் பாத்தேன். வெள்ளைத் துணி, கொஞ்சம் மலை, 'ப்ரௌட் டு பி போகடெல்லோ'ன்னு சாய்வா எழுத்து, அவ்ளோதான். அழகா இல்லன்னு ஒத்துக்கறேன், ஆனா கடைசி இடம் குடுக்கற அளவுக்கு என்ன தப்பு பண்ணிச்சு?

வெட்டியா_ஒருத்தன்:
கீழ ஓரத்துல பாத்தீங்களா? ட்ரேட்மார்க், காப்பிரைட் குறி ரெண்டும் இருக்கும். கொடியில காப்பிரைட்டு! அது மொதல்ல கொடியே இல்ல சார், ஊரை மார்க்கெட்டிங் பண்ண வரைஞ்ச லோகோ, 2001ல அதையே துணியில அடிச்சு ஏத்திட்டாங்க, நகராட்சி முறைப்படி அங்கீகாரம்கூட குடுக்கல. 2004ல நாவான்னு கொடி ஆராய்ச்சி சங்கம் இணையத்துல 150 நகரக் கொடிக்கு மார்க் போட வச்சாங்க, பத்துக்கு. வாஷிங்டன் டிசி 9.17 வாங்கி முதலிடம், நம்மாளு 1.48 வாங்கி 150வது. அப்பவும் பெருசா யாரும் கண்டுக்கல, 2015ல ரோமன் மார்ஸ்ங்கற பாட்காஸ்ட்காரர் டெட் (TED) சொற்பொழிவு மேடையில நகரக் கொடிங்களைப் பத்திப் பேசறப்ப இதைக் காட்டினார் பாருங்க, மானம் போச்சு.

ஸ்கிரீன்_பட்டறை:
நான் இருபது வருஷமா துணியில பிரின்ட் போடறவன், தொழில் பக்கத்துலேருந்து சொல்றேன். லெட்டர்ஹெட்ல நல்லாருக்கற லோகோ காத்துல ஆடாது. ஒரு பக்கம் அடிச்சா பின்பக்கம் எழுத்து கண்ணாடியில பாக்கற மாதிரி இடவலம் மாறித் தெரியும், ரெண்டு பக்கமும் நேரா வரணும்னா ரெண்டு துணி சேத்துத் தைக்கணும், கனம் கூடிப்போய் கம்பத்துலயே ஈரத்துண்டு மாதிரி தொங்கும். ஒவ்வொரு கலருக்கும் தனி ஃப்ரேம் (மை இறக்கற வலைச்சட்டம்) வேற. டிசி கொடியைப் பாருங்க, வெள்ளையில ரெண்டு சிவப்புப் பட்டை, மேல மூணு சிவப்பு நட்சத்திரம், ஒரே ஃப்ரேம்ல வேலை முடிஞ்சிது. ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பச் சின்னத்துலேருந்து எடுத்தது, 1938லேருந்து அதேதான்.

மலையடிவாரம்:
போகடெல்லோவை மட்டும் ஏன் கும்மறீங்க, ஐடஹோ மாநிலக் கொடியே நீலத்துணியில அரசு முத்திரை, கீழ மாநிலப் பேரும் எழுதியிருக்கும். பெட்ஷீட்ல ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி. அத விடுங்க, இவங்க திட்டு வாங்கிட்டு சும்மா இருக்கல. ஒரு கமிட்டி போட்டு டிசைன் கேட்டாங்க, 700க்கு மேல வந்துச்சு, 2017 ஜூலையில ஒண்ணை முறைப்படி ஏத்துக்கிட்டாங்க. நீலத்துல மூணு சிவப்பு முகடு, உயரமான முகட்டு உச்சியில தங்கக்கலர்ல திசைகாட்டி, அடியில போர்ட்நஃப் ஆத்துக்கு ஒரு நீலக்கோடு. ரயில் ஜங்ஷனா வளந்த ஊருக்கு திசைகாட்டி பொருத்தம்தான். எனக்கு ஒரே குறை, ஊருக்குப் பேரே ஷோஷோனி பழங்குடித் தலைவர் போகடெல்லோ பேரு, அவரு பழைய கொடியிலயும் இல்ல புதுசுலயும் இல்ல.

வெட்டியா_ஒருத்தன்:
@மலையடிவாரம் ஆள் மூஞ்சியை வரைஞ்சா மறுபடி லோகோதான் ஆகும் பாஸ்

அரைக்கம்பம்:
ரோமன் மார்ஸ் பேச்சு பாத்துட்டேன். கொடி வரையணும்னா ஒரு இன்ச்சுக்கு ஒன்றரை இன்ச் கட்டம் போட்டு அதுக்குள்ள வரைங்கறார், நூறடி தள்ளி கம்பத்துல பறக்கற கொடி கண்ணுக்கு அவ்ளோதான் தெரியுமாம். கரன்ட் பில்லு பின்னாடி கட்டம் போட்டுப் பாத்தேன். புதுக் கொடி ஒரு நிமிஷத்துல வந்துடுச்சு. பழசுல 'ப்ரௌட் டு பி' எழுதறதுக்குள்ளயே பேனா கட்டத்தைத் தாண்டிடுச்சு. சரி, 1.48 நியாயந்தான், வாபஸ் வாங்கிக்கறேன்.