தரங்கம்பாடியிலிருந்து பூம்புகார் வரை: கரையோரமாக நடந்தவர்களின் அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

திட்டம் போட்டது நான்தான், அதனால் திட்டும் எனக்குத்தான் விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தரங்கம்பாடியில் நிலா பார்ப்பது, ஞாயிறு விடிவதற்குள் கரையோரமாக வடக்கே கிளம்புவது, காலைச் சாப்பாடு தாமதமானாலும் பூம்புகாரில்தான். வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் 12, 13 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். நாங்கள் நாலு பேர். அதில் ஒருவர் என் மச்சான்; கடற்கரை என்றால் மெரினாவில் சுண்டல் வாங்கி உட்காரும் இடம் என்று நினைப்பவர்.

2024 பிப்ரவரி 24. சனிக்கிழமை, பௌர்ணமி, மாசி மகம், மூன்றும் ஒரே நாளில். பேருந்தில் நிற்க இடமில்லை. ஆனால் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்தபோது முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்க, எதிரே கடலிலிருந்து நிலா ஏறியது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்ட கோயில். அந்தச் சாயங்காலத்தில் ஒரு குறையும் இல்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியபடி நடந்தோம். குட்டியாண்டியூர், பெருமாள்பேட்டை என்று ஊர்கள் பின்னால் போயின. ஏழரைக்கு மேல்தான் சங்கடம். தண்ணீர் ஏற ஏற அந்த இறுகிய மணல் முழுகிவிட்டது, பொலபொலவென்ற மணலுக்கு ஏறவேண்டியதாயிற்று. கரை எப்போதும் கடல் பக்கம் சரிந்திருக்கும் அல்லவா? வடக்கே நடந்தால் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. வெயிலும் வலது பக்கம்தான். நாலு பேருக்கும் வலது காது மட்டும் தோல் உரிந்தது.

சின்னங்குடி பக்கம் ஒரு ஆற்று வாய். கூகுள் படத்தில் அது மணல்திட்டாகத்தான் தெரிந்தது, ஆறு கடலைத் தொடவே இல்லை. நேரில் பார்த்தால் முப்பது அடி அகலத்துக்குத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பேண்டை மடித்துவிட்டு இறங்கப் போனேன். படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

“தம்பி, நேத்து என்ன நாளு?”

“மாசி மகம்யா.”

“பௌர்ணமிதானே? இப்ப மணி ஒன்பது. தண்ணி முழுசா ஏறி நிக்கிற நேரம். ஓரத்துல முழங்கால்தான் இருக்கும், நடுவுல ஆள் முழுகும்.”

நான் நம்பாத மாதிரி முகத்தை வைத்திருந்தேன் போலிருக்கிறது. எழுந்து வந்து, கையிலிருந்த மூங்கில் கழியை ஓரத்திலிருந்து நாலடி தள்ளி ஊன்றினார். கழி இறங்கிக்கொண்டே போனது, அவர் கை நனைந்தது. “ரெண்டு, மூணு மணிக்கு வாங்க, வத்திடும். இல்லன்னா ரோட்டுக்கு ஏறிப் பாலம் வழியா சுத்திப் போங்க.” அவ்வளவுதான், மறுபடி வலைக்குப் போய்விட்டார்.

சுற்றித்தான் போனோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தார்ச்சாலை. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை, அது இன்னும் மோசம். வானகிரி போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அதற்கு மேல் காவிரி வாய், துறைமுகத்துக்குக் கொட்டிய கருங்கல் வேறு. ஆட்டோ பிடித்துதான் பூம்புகார் போனோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோனோம், போதவில்லை.

மதுரையிலிருந்து:

தண்ணீர் என்றதும் எனக்கு தனுஷ்கோடிதான் ஞாபகம் வருகிறது. சாலை 2017-இல்தான் வந்தது. நாங்கள் அதற்கு இரண்டு வருடம் முன்னால், வேன் வேண்டாம் என்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலேயே நடந்தோம். ஒரு பக்கம் அலை அடிக்கும் ஆண்கடல், ஒரு பக்கம் அமைதியான பெண்கடல். இரண்டுக்கும் நடுவில் சட்டைப்பையில் உப்புப் படியும் காற்று. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை அடையும்போது பாட்டில் காலி.

அங்கே குடிசை வாசலில் ஒரு அக்கா. கேட்டதும் வீட்டுக்குள் போகவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் தோண்டியிருந்த ஊற்றுக்குப் போனார். குனிந்து, கொட்டாங்குச்சியால் மேலாக அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றினார். வேகமாக அள்ளினால் கலங்கும், ஆழமாக அள்ளினால் உப்பு ஏறும் என்றார். ஒரு பாட்டில் நிரம்பப் பத்து நிமிடம். நல்ல தண்ணீர், துளி உப்பில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. கருவாடு வாங்கிக்கொண்டு போகச் சொன்னார், வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை!

வேளச்சேரியிலிருந்து:

ஊருக்குப் போக முடியாதவர்களுக்குச் சென்னையிலேயே ஒன்று உண்டு, ஆனால் ராத்திரியில். ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடும் காலத்தில், மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல. 1988-லிருந்து நடக்கிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, அதுதான் முதல் விதி.

நான் போன அன்று மூன்று மணி வரை ஒன்றும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது முன்னால் போன பையன் கையை நீட்டித் தடுத்தான். மணலில் டிராக்டர் டயர் ஏறிப் போன மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே போய்த் திரும்பியிருந்தது. ஆமை போய்விட்டது. அவன் ஒரு கம்பியால் மணலை மெதுவாகக் குத்திக் குத்திப் பார்த்து, ஒரு இடத்தில் நிறுத்தி, கையால் தோண்ட ஆரம்பித்தான். தோள் வரை கை உள்ளே போனது. பிங்பாங் பந்து மாதிரி முட்டைகள், நூறுக்கு மேல். ஒன்றை என் கையில் வைத்தான். ஓடு கெட்டியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தோல் பை மாதிரி லேசாக அமுங்கியது.

செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

அப்புறம் தாம்பரம் அண்ணாவிடம் ஒரு கேள்வி. தரங்கம்பாடி நடைக்கு நவம்பரில் நாலு நாள் லீவு கிடைக்கும், போகலாமா?

தாம்பரத்திலிருந்து:

நவம்பர் வேண்டாம்மா. மழைத் தண்ணீர் இறங்கி ஆற்று வாய் எல்லாம் வெட்டிக்கொண்டு திறந்திருக்கும், புயல் சின்னம் வேறு வரும். பிப்ரவரியே சரி. பௌர்ணமி, அமாவாசையை விட்டுவிட்டு அஷ்டமியை ஒட்டிய வாரமாகப் பாருங்கள், ஏற்றம் அவ்வளவு இருக்காது. நிலா பாதிதான் கிடைக்கும். நாங்களும் அப்படித்தான் இன்னொரு தடவை போகப் போகிறோம். மச்சான் இன்னும் சரி சொல்லவில்லை.