பதினைந்து வயதில் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சரியா?

கேள்வி: நீள்வழி

ஒரு மேல்நிலைப் பள்ளியின் பாடத்திட்டக் குழுவில் பெற்றோர் சார்பில் இடம்பெற்றிருக்கிறேன். இப்போது அங்கே இறுதி வகுப்பு வரை எல்லா மாணவர்களும் மொழி, கணிதம், அறிவியல், வரலாறு, கலை ஆகிய அனைத்தையும் படிக்கிறார்கள். கடைசி மூன்று ஆண்டுகளில் அறிவியல், வணிகவியல், கலை, தொழில்நுட்பம் என்ற நான்கு பிரிவுகளில் ஒன்றை மாணவரே தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை முழுமையாக விட்டுவிடலாம் என்ற முன்மொழிவு குழுவின் முன் வந்திருக்கிறது. முன்மொழிந்தவர்கள் சொல்லும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. விருப்பமில்லாத பாடத்தின் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர் பெரும்பாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்காக மட்டுமே படிக்கிறார். அந்த நேரத்தைத் தனக்குப் பிடித்த பாடத்தில் செலவிட்டால் உண்மையாகவே முன்னேறுவார் என்கிறார்கள். மறுபுறம், பதினைந்து வயதுப் பிள்ளையின் விருப்பம் என்பது பல நேரங்களில் நண்பர்களின் விருப்பமாகவோ, நன்றாகக் கற்பித்த ஓர் ஆசிரியரின் மீதுள்ள அன்பாகவோ, வீட்டாரின் கனவாகவோ இருந்துவிடுகிறது என்ற கவலை எனக்கு உண்டு.

இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறேன். அந்த வயதில் எடுக்கும் முடிவு பிற்காலத்தில் எந்த அளவுக்குத் தாங்குகிறது? சில பாடங்களை எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று வைப்பதானால், அவற்றை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி: கரும்பலகை

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிப்பவள். என் மனம் ஆழத்தின் பக்கமே சாய்கிறது. பத்துப் பாடங்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பாடவேளைகள் என்று பகிர்ந்து கொடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் வரையறைகளும் சில மாதிரிக் கணக்குகளும் மட்டுமே மாணவரிடம் தங்குகின்றன. உந்த அழிவின்மை விதியை எழுதிக் காட்டி, ஒரு கணக்கைப் போட்டு, அடுத்த பாடத்துக்குச் செல்வதற்கு ஒரு பாடவேளை போதும். ஆனால் மாணவரே இரண்டு வண்டிகளை மோதவிட்டு, மோதலுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் அளவுகள் ஏன் சரியாகப் பொருந்தவில்லை என்று தேடி, அது உராய்வினாலா, அளவிட்ட முறையினாலா என்று பிரித்தறிந்து, தன் முடிவை எழுதி நிறுவுவதற்குப் பல நாள்கள் வேண்டும். அந்த நாள்களில்தான் ஒன்றை அறிந்திருப்பது எப்படிப்பட்டது என்பது அவருக்கு விளங்குகிறது. ஒரே நிகழ்வைப் பற்றிய முரண்பட்ட இரண்டு ஆவணங்களை எடைபோடும் வரலாற்று மாணவருக்கும் இதே அனுபவம் கிடைக்கும். எந்தத் துறையில் கிடைக்கிறது என்பதைவிட, பள்ளியை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒரு முறையாவது கிடைக்கிறதா என்பதே எனக்கு முக்கியம்.

ஆயினும் தங்கள் குழுவின் முன்மொழிவை அப்படியே ஏற்க மாட்டேன். "மற்றவற்றை முழுமையாக விட்டுவிடலாம்" என்ற பகுதி எல்லாப் பாடங்களையும் ஒரே தன்மை உடையவையாகக் கருதுகிறது. கணிதம் படிப்படியாக ஏறும் பாடம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மீது நிற்கிறது. பதினைந்து வயதில் அதைக் கைவிட்ட மாணவருக்குப் பதினெட்டு வயதில் பொருளியலிலோ உளவியலிலோ ஆர்வம் பிறந்தால், அங்கே நுண்கணிதமும் புள்ளியியலும் குறுக்கே நிற்கும். அவர் புதிதாகக் கற்க வேண்டியதோடு, மறந்துபோனதையும் மீட்டெடுக்க வேண்டியிருக்கும். மொழியும் ஏறத்தாழ இப்படித்தான். ஆனால் உளவியல், சமூகவியல், பொருளியல், புவியமைப்பியல் போன்றவற்றைப் பல பல்கலைக்கழகங்கள் முதலிலிருந்தே தொடங்கிக் கற்பிக்கின்றன. கணிதத்தைக் கைவிடாத ஒருவர் அப்பாடங்களைப் பள்ளியில் படிக்கவில்லை என்றாலும், அவற்றில் நுழைவதற்குப் பெரிய தடை இல்லை.

எனவே தங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லும் அளவுகோல் இது: ஒரு பாடத்தைப் பதினைந்து வயதில் நிறுத்திய ஒருவர், பத்தொன்பது வயதில் மனம் மாறினால் அதை மீண்டும் தொடங்க முடியுமா? முடியாதென்றால், இறுதி வகுப்பு வரை ஏதாவது ஒரு நிலையில் அதைத் தொடர்வதைக் கட்டாயமாக்குங்கள். முடியுமென்றால், மாணவரின் விருப்பத்துக்கு விடுங்கள். எந்தப் பாடம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வழக்கு இதில் வரவே தேவையில்லை.

பிரான்சு நாட்டின் அனுபவத்தைக் குழுவினர் பார்ப்பது நல்லது. 2019இல் அங்கே அறிவியல், பொருளியல், இலக்கியம் என்ற பழைய பொதுப்பிரிவுகளைக் கலைத்துவிட்டு, மாணவர்கள் மூன்று சிறப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுத்து, இறுதி ஆண்டில் இரண்டை மட்டும் தொடரும் முறையைக் கொண்டுவந்தார்கள். தத்துவம் எல்லாருக்கும் கட்டாயமாகவே தொடர்ந்தது. கணிதமோ பொதுப் பாடங்களிலிருந்து விலக்கப்பட்டது. கணிதம் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை, குறிப்பாக மாணவியரின் எண்ணிக்கை, சரிந்தது. 2023இல், கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்காத மாணவர்களும் இறுதிக்கு முந்தைய ஆண்டில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அதைப் படிக்க வேண்டும் என்று அரசு மாற்றியமைத்தது.

மறுமொழி: தரவு நோக்கர்

இந்த விவாதத்தில் வேறுபட்ட இரண்டு செயல்கள் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மாணவர்களைத் திறன் அடிப்படையில் வெவ்வேறு பள்ளிகளுக்கோ தரங்களுக்கோ பிரித்து அனுப்புவது ஒன்று. ஒரே பள்ளிக்குள் மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களைத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் முதல் வகைப் பிரிப்பு நான்காம் வகுப்போடு, அதாவது ஏறத்தாழ பத்து வயதில், நடக்கிறது. இவ்வகை முன்கூட்டிய பிரிப்பைப் பற்றி எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் ஆகிய பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப்பள்ளி மதிப்பீடுகளையும் உயர்நிலை மதிப்பீடுகளையும் பல நாடுகளுக்கிடையே ஒப்பிட்டது. சீக்கிரம் பிரிக்கும் நாடுகளில் மாணவர்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு கூடுகிறது. சராசரி அடைவு உயர்வதற்கோ தெளிவான சான்று இல்லை. பின்லாந்து 1972 முதல் 1977 வரை படிப்படியாகப் பொதுப்பள்ளி முறைக்கு மாறி, பதினோரு வயதில் நடந்த பிரிப்பைப் பதினாறு வயதுக்குத் தள்ளிவைத்தது. அந்தச் சீர்திருத்தத்தை ஆராய்ந்தவர்கள், தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் எண் 0.30இலிருந்து 0.23 ஆகக் குறைந்ததாகக் கணித்தார்கள். குடும்பத்தின் நிலை பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வலு அந்த அளவுக்குத் தளர்ந்தது.

தங்கள் குழுவின் முன்மொழிவு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்கு நெருக்கமான ஒப்பீடு ஒரே தீவில் இருக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்தான். இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பிறகு கல்லூரிப் பாதையில் செல்லும் மாணவர் பொதுவாக மூன்று பாடங்களை மட்டும் படிக்கிறார். பல்கலைக்கழகத்திலும் முதல் நாளிலிருந்தே ஒரே துறைதான். ஸ்காட்லாந்தில் நான்கைந்து பாடங்கள் தொடர்கின்றன. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பின் தொடக்கத்திலும் பல பாடங்களைப் படித்த பிறகே துறை முடிவாகிறது. இவ்விரு நாடுகளின் பட்டதாரிகளை ஒப்பிட்ட பொருளியலாளர் ஓஃபர் மலமுத், சீக்கிரம் துறைபிரிந்த இங்கிலாந்துப் பட்டதாரிகளே தாம் படித்த துறைக்குத் தொடர்பில்லாத வேலைகளுக்கு அதிகமாக மாறினார்கள் என்று கண்டார். சீக்கிரம் தேர்ந்தெடுப்பவரிடம் அத்துறைக்குரிய திறன்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அவற்றை விட்டுச்செல்வது இழப்பு என்பதால் அவர் குறைவாகவே மாறுவார் என்றுதான் எதிர்பார்ப்போம். அதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது என்றால், தமக்கு எது பொருந்தும் என்று அறிவதற்குள் பலர் முடிவெடுக்க நேர்ந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன். தங்கள் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேரடியான விடை இதுதான்.

கரும்பலகை அம்மையார் சொன்ன அளவுகோலை மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வரலாறும் குடிமையியலும் விருப்பப் பாடங்களாகிவிடும். அவற்றைப் பிற்காலத்தில் தொடங்க முடியும் என்பது உண்மை. எத்தனை பேர் தொடங்குவார்கள் என்பதுதான் சிக்கல். பொறியியல் கல்லூரியில் யாரும் அரசியலமைப்பைப் பற்றிய விவாதத்தை நடத்தப் போவதில்லை. பள்ளியை விட்டால் அதற்கு வேறு இடமே இல்லாத மாணவர்கள் ஏராளம். "பிறகு முடியுமா" என்பதோடு "பிறகு நடக்குமா" என்பதையும் கேட்க வேண்டும்.

மறுமொழி: உளிமுனை

தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்பிக்கிறேன். இதுவரை வந்த மறுமொழிகள் இரண்டும் பல்கலைக்கழகம் செல்லும் மாணவரையே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பொதுக்கல்வி முழுவதிலும் தோற்றுக்கொண்டே வந்த ஒரு பிள்ளைக்கு, அதே பொதுக்கல்வியை இன்னும் மூன்று ஆண்டுகள் கொடுப்பது அவருக்கு எந்தக் கதவையும் திறந்து வைப்பதாகாது. என்னிடம் வரும் பலர் கணிதம் தமக்கு வராது என்று உறுதியாக நம்பியபடியே வருகிறார்கள். மின்னோட்டம், மின்தடை, மும்முனை இணைப்பு என்று கையில் கருவியோடு நிற்கும்போது அதே கணிதத்தை, முக்கோணவியல் உட்பட, கற்றுக்கொள்கிறார்கள். கணக்கு தவறினால் கம்பி சூடாகும் என்பது அவர்களுக்குக் கண்கூடாகத் தெரிகிறது. ஆகவே தொழிற்கல்வி என்றாலே குறுகிய கல்வி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் கட்டாயக் கல்விக்குப் பிறகு தொழிற்கல்வியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் வாரத்தில் சில நாள்கள் பணியிடத்திலும் மற்ற நாள்களில் பள்ளியிலும் கற்கிறார்கள். பள்ளி நாள்களில் மொழியும் சமூகப் பாடமும் தொடர்கின்றன. விரும்புவோர் தொழிற்சான்றோடு கூடுதல் தேர்வு எழுதி, செயல்முறைக் கல்வியை மையமாகக் கொண்ட பயன்முறைப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லலாம். திரும்பி வரும் வழி எழுத்தில் இருப்பதோடு நடைமுறையிலும் இருக்கிறது என்பதால்தான் அங்கே பெற்றோர் அஞ்சாமல் அனுப்புகிறார்கள். தங்கள் முன்மொழிவில் தொழில்நுட்பப் பிரிவுக்கு அப்படியொரு வழி இல்லையென்றால், மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாக அது மாறும். அதை நான் கடுமையாக எதிர்ப்பேன்.

மறுமொழி: தரவு நோக்கர்

உளிமுனை அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஹனுஷெக்கும் வோஸ்மனும் வேறு இருவரோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளவயதில் வேலை எளிதாகக் கிடைப்பதும், பிற்காலத்தில் பொதுக்கல்வி பெற்றவர்களைவிட அவர்கள் வேலையிழக்கும் வாய்ப்பு கூடுவதும் தெரியவந்தன. தொழில்நுட்பம் மாறும்போது புதியதைக் கற்கும் அடித்தளம் தேவைப்படுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நீங்கள் கற்பிக்கும் முக்கோணவியலுக்கு நாற்பத்தைந்து வயதிலும் வேலை இருக்கிறது.

நீள்வழி

மூவருக்கும் நன்றி. கட்டாயப் பாடங்களும் ஆழமும் ஒரே கால அட்டவணையில் எப்படி இடம்பெறும் என்பதே குழுவில் எழப்போகும் அடுத்த கேள்வி. அதற்கு நடைமுறையில் உள்ள ஏதாவது முன்மாதிரி உண்டா?

மறுமொழி: கரும்பலகை

உண்டு. 1968இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் பட்டயம், பல நாடுகளின் பள்ளிகளில் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு நடத்தப்படும் படிப்பு. அதில் மாணவர் ஆறு பாடங்கள் படிக்கிறார். வழக்கமாக மூன்று உயர்நிலை, மூன்று பொதுநிலை. உயர்நிலைப் பாடத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும், பொதுநிலைக்கு 150 மணி நேரமும் பரிந்துரைக்கப்படுகின்றன. கணிதத்தையும் இரண்டு மொழிகளையும் யாரும் முழுமையாக விட முடியாது. ஆனால் எதில் ஆழமாகச் செல்வது என்பதை மாணவரே முடிவு செய்கிறார். தாமே தேர்ந்த ஒரு தலைப்பில் 4,000 சொற்கள் வரையிலான ஆய்வுக் கட்டுரையும் எழுதுகிறார்.

அந்தப் பட்டயத்தையே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் சுமை எல்லா மாணவருக்கும் ஏற்றதன்று. அந்த நேரப் பகிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தரவு நோக்கர் அவர்களின் திருத்தத்தை ஏற்று, குடிமையியலையும் வரலாற்றையும் பொதுநிலையில் கட்டாயமாக்க நான் உடன்படுகிறேன். நான்கு பிரிவுகளாகக் கட்டிவைப்பதற்குப் பதிலாக, பாடங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க விடுங்கள். இயற்பியலும் இசையும் சேர்த்துப் படிக்க விரும்பும் மாணவரைத் தடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. முதல் ஆண்டின் இறுதியில், ஓர் ஆண்டை இழக்காமல் உயர்நிலைப் பாடங்களில் ஒன்றை மாற்றிக்கொள்ளும் உரிமையை விதியாகவே எழுதிச் சேர்க்குமாறு குழுவிடம் கேளுங்கள். அதற்கு முதல் ஆண்டுப் பாடப்பகுதிகள் இரண்டு நிலைகளுக்கும் பெருமளவு பொதுவாக இருக்க வேண்டும். அதைத் திட்டமிடுவது ஆசிரியர்களின் வேலை, அதற்கான நேரத்தைப் பள்ளி ஒதுக்க வேண்டும்.