வாசலுக்கு வெளியே வைத்தவை யாரைத் தொட்டன? தெருவில் கண்டவற்றைப் பகிர்வோம்

தொடக்கப் பதிவு: ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்

வீட்டிலிருந்து நாம் வெளியே வைக்கும் ஒரு பொருள், அது குப்பையாயினும் கட்டுமான மணலாயினும், உரிய இடத்தைச் சென்று சேர்வதற்குள் தெருவில் யாருடைய கையையும் காலையும் வண்டிச் சக்கரத்தையும் தொடுகிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி நேர்ந்தவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே எழுத வேண்டுகிறேன். என்ன நடந்தது என்பதோடு, அதன்பின் தெருவில் என்ன மாறியது என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த தெருவில் இருப்பவர்களுக்கு அது உதவும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எடுக்கும் வேலை நடந்தது. எம்-சாண்டும் ஜல்லியும் ஒரே லோடாக வந்து தெருவின் பாதி அகலத்தில் கொட்டப்பட்டன. அன்றிரவு பெய்த மழையில் மணல் கரைந்து சரிவில் இறங்கித் தெருமுனைத் திருப்பத்தில் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டது. விடிவதற்கு முன்பே பால் போட வந்த இளைஞர் அந்தத் திருப்பத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலை தப்பியது. மணல் குவியலாக இருந்தால் எவரும் ஒதுங்கிப் போய்விடுவர். படலமாகப் பரவிய மணல் கண்ணுக்கே தெரியாது. டயருக்கும் தார்ச் சாலைக்கும் இடையில் உருளும் துகள்கள் புகுந்தால் பிடிமானம் போய்விடுகிறது. வண்டி சாய்ந்திருக்கும் திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டால் சமாளிப்பதற்கு நேரமே இருப்பதில்லை.

அவர் விழுந்த சத்தம் கேட்டுப் பலர் வெளியே வந்தோம். 108-க்கு அழைக்கலாமா, போலீஸ் கேஸ் ஆகிவிடுமா என்ற தயக்கம் சிலரிடம் இருந்தது. இந்தத் தயக்கம் தேவையற்றது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 134அ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டப் பொறுப்பிலிருந்து காக்கிறது. தம் பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரையறுக்கப்பட்ட தொகைவரை அரசே ஏற்கிறது.

வீட்டு உரிமையாளரிடம் பேசியபோது அவர், "கொட்டுறதுக்கு உள்ள இடமே இல்லையே சார், நான் என்ன செய்யட்டும்?" என்று வருத்தத்துடன்தான் கேட்டார். சிறிய மனைகளில் அது உண்மையான இடர்ப்பாடு. மேஸ்திரியையும் சேர்த்து உட்கார்ந்து பேசியபின், இரண்டு நாள் வேலைக்குத் தேவையான மணலை மட்டும் வரவழைப்பது, அதைச் சிமெண்ட் சாக்குகளில் நிரப்பிச் சுற்றுச்சுவர் ஓரமாக அடுக்குவது, வேலை முடிந்ததும் சித்தாள்களில் ஒருவர் திருப்பம் வரை கூட்டிவிடுவது, அதற்குத் தனிக் கூலி தருவது என்று முடிவாயிற்று. இடித்த செங்கலையும் காரையையும் சாலையிலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது என்று கட்டுமானக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டன. கட்டுமான ஒப்பந்தத்தை எழுதும்போதே தெருவைக் கூட்டும் கூலியையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், பின்னர் யாரும் யாரிடமும் மன்றாட வேண்டியிருக்காது.

பதில்: அரசு ஊழியர், குடும்பத் தலைவி

ஐயா கூறிய திருப்பத்தைப் போலவே ஆபத்தானது முடிச்சுப் போட்ட ஒரு கருப்புப் பை. எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர், என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று அழைப்பவர், அப்படியொரு பையை வாங்கி அவிழ்க்க முயன்றார். இறுகிய முடிச்சை ரப்பர் கையுறையோடு அவிழ்க்க வராமல், கையுறையைக் கழற்றிவிட்டுப் பையைக் கிழித்து உள்ளே கைவிட்டார். பழைய சோற்றோடு உடைந்த கண்ணாடித் தம்ளரும் அதில் கிடந்தது. உள்ளங்கை ஆழமாக வெட்டுப்பட்டது. சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திக் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். தையலும் டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். வழியில் அவர் கோபப்படவே இல்லை. "கண்ணாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கைய விட்டிருக்க மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னார். ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர் என்பதால், கை ஆறும்வரை வேலைக்கு வராத நாள்களுக்குக் கூலி கிடைக்காது என்ற கவலைதான் அவருக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தரும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டார் மீதே வைத்தன. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் உண்டு. இருந்தும், அவசரமான காலை வேளையில் எல்லாமே ஒரே பைக்குள் போய்விடுகின்றன. அக்காவின் காயத்துக்குப் பிறகு நாங்கள் சில பெண்கள் வீடு வீடாகச் சென்று பேசினோம். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் பல மடிப்பாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும் என்பதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டனர்.

மாதவிடாய் நாப்கின்களைப் பற்றிப் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவற்றைத் தனியாகத் தாளில் சுற்றி மக்காத குப்பையோடு தர வேண்டும் என்று அந்த 2016 விதிகள் கூறின. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே தர வேண்டும் என்றும் அவை கூறின. ஆனால் பல வீடுகளில் குப்பையை வாசலுக்குக் கொண்டுவருபவர் மாமனாராகவோ கணவராகவோ இருக்கிறார். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே பெண்கள் அதைக் காய்கறித் தோலுக்கு அடியில் புதைக்கிறார்கள். அதைத் தோண்டி எடுத்துப் பிரிப்பவரும் ஒரு பெண்தான். தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுவிட்டால் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை என்ற யோசனையை அக்காதான் தந்தார். இப்போது பெரும்பாலான வீடுகளில் அப்படியே செய்கிறார்கள். இரண்டு வீடுகளில் இன்னும் செய்வதில்லை. அவர்களிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: கல்லூரி விரிவுரையாளர்

எங்கள் பகுதியில் தெரு வளைவில் ஒரு பெரிய குப்பைத் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி இரவு நேரத்தில் மாடுகள் படுத்திருக்கும். உணவு மிச்சத்தைப் பையோடு எறிவதால், முடிச்சை அவிழ்க்க முடியாத மாடு பையோடு சேர்த்தே விழுங்குகிறது. செரிக்காத நெகிழி அதன் முதல் வயிற்றில் சேர்ந்துகொண்டே போகிறது. தெருவிளக்கு எரியாத ஓர் இரவில், வேலை முடிந்து திரும்பிய ஒருவர் வளைவில் எழுந்து நின்ற கருநிற மாட்டின்மீது மோதினார். அவருக்கு முழங்கால் உடைந்தது, மாட்டுக்குப் பின்னங்கால் முறிந்தது. மாட்டின் உரிமையாளர்மீது எல்லோரும் சினந்தனர். அவர்மீது தவறு உண்டு. ஆனால் அந்த மாட்டை அந்த வளைவுக்கு நாள்தோறும் வரவழைத்தது எங்கள் வீடுகளின் சோறு.

புகாருக்குப் பிறகு தொட்டியை அகற்றினார்கள். அதன்பின்னும் அதே வெற்றிடத்தில் பைகள் விழுந்தன. குடியிருப்போர் சங்கத்தார் அந்த இடத்தைக் கழுவிக் கோலமிட்டார்கள், பூந்தொட்டிகள் வைத்தார்கள். கோலத்தின்மீது எறியக் கை கூசும் என்ற நம்பிக்கை சில வாரங்களுக்குப் பலித்தது, பின்னர் பைகள் கோலத்துக்குப் பக்கத்தில் விழத் தொடங்கின. எறிந்தவர்களில் ஓர் இளம் தம்பதியரிடம் பொறுமையாகப் பேசியபோதுதான் உண்மை விளங்கியது. அவர்கள் ஏழு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள், வண்டியோ ஒன்பது மணிக்கு வருகிறது. பூட்டிய வீட்டு வாசலில் வைத்தால் நாய் இழுத்துவிடும். இத்தகைய வீடுகள் எத்தனை என்று பட்டியல் எடுத்துச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்தோம். அவர் எங்கள் தெருவை வண்டியின் முதல் சுற்றுக்கு மாற்றிக் கொடுத்தார். வளைவில் குப்பை விழுவது அதன்பிறகே பெரும்பாலும் நின்றது. பிறரைக் கண்டிப்பதற்கு முன் வண்டி வரும் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பதில்: ஆட்டோ ஓட்டுநர்

விரிவுரையாளர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் வேறொன்றைச் சொல்கிறேன். குழந்தைகள் விளையாடும் தெருவில் வண்டிகள் விரைந்து போகின்றன என்பதற்காக, குடியிருப்பவர்கள் இடித்த வீட்டுக் காரையைக் கொட்டிச் சிமெண்ட் பூசித் தாங்களே ஒரு வேகத்தடை போட்டுவிட்டார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆயினும் ஓரடி அகலத்தில் அரையடி உயரத்துக்கு, வெள்ளைக் கோடும் இல்லாமல் நின்ற அந்த மேட்டில், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இரவில் செல்ல நேர்ந்தது. நான் மெதுவாகத்தான் சென்றேன். இருந்தும் வண்டி தூக்கிப் போட்டதில் அவர் அலறிய அலறல் இன்னும் நினைவில் இருக்கிறது. தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள்.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். அதன்மீது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி அதிராமல் கடக்க முடியும். கருப்பு வெள்ளைப் பட்டைகளும், சற்று முன்னதாகவே எச்சரிக்கைப் பலகையும் தேவை. உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும் மேடு, வேகமாக வருபவரைவிட, முதுகுவலிக்காரரையும் ஆம்புலன்ஸில் இருப்பவரையும்தான் அதிகம் தண்டிக்கிறது. எழுத்து மூலம் மனு கொடுத்தால் காலம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். அதுவரை அந்த மேட்டுக்கு வெள்ளை வண்ணமாவது அடியுங்கள்.

பதில்: இயன்முறை மருத்துவர்

சுருக்கமாக ஒன்று. உதிர்ந்த இலையைக் கூட்டி, அதோடு பால் பாக்கெட்டையும் பழைய செருப்பையும் சேர்த்துக் கொளுத்தும் வழக்கம் எங்கள் தெருவில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஆஸ்துமா. புகை எழும் மாலைகளில் அவள் இன்ஹேலரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2018-ஆம் ஆண்டு போகியன்று மூடுபனியோடு புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்களே தரையிறங்க முடியாமல் திசைதிருப்பப்பட்டதை எல்லோரும் அறிவோம். இலைகளை மரத்தடியிலேயே குவித்து மண்ணைத் தூவி நீர் தெளித்துவிட்டால் அவை மக்கி உரமாகின்றன. சிறுமியின் பாட்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசிய பிறகு, எங்கள் தெருவில் கொளுத்துவது நின்றது.

கேள்வி: தனியார் நிறுவன ஊழியர்

என் தந்தை நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். குப்பை வாங்க வருபவரின் கையைப் பற்றிப் படித்தபின், அந்த ஊசிகளை எப்படிக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: செவிலியர், அரசு மருத்துவமனை

கேட்டதற்கு நன்றி, தம்பி. ஊசியைப் போட்டவுடனே மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் இடுங்கள். துணி சோப்புத் திரவம் வந்த கேன் பொருத்தமாக இருக்கும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி துளைத்து வெளியே வந்துவிடும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, 'ஊசி' என்று பெரிதாக எழுதி, அபாயகரமான குப்பையாகத் தனியே கையில் கொடுங்கள். உங்கள் தந்தை சிகிச்சை பெறும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். ஊசிகளுக்கென்று துளைக்க முடியாத வெள்ளை நிறக் கலனை மருத்துவமனைகள் வைத்திருக்க வேண்டும்.

ஒருவேளை பணியாளர் கையில் குத்திவிட்டால், குத்திய இடத்தைப் பிதுக்காமலும் வாயில் வைக்காமலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுக்குத்தான். தடுப்பு மருந்தைக் கூடிய விரைவில், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அதைவிட மிக எளிதாகத் தொற்றக்கூடியது; தடுப்பூசி போடாதவருக்கு அந்த வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரைகூட இருக்கலாம். அதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளர்கள் மூன்று தவணையையும் முடித்துவிட்டார்களா என்று அவர்களிடமும் மேற்பார்வையாளரிடமும் கேளுங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். இடைவெளி விழுந்திருந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே போட்டுக்கொள்ளலாம்.