வீட்டில் செய்யும் எலக்ட்ரானிக் டிரம் பேட்: எது வேலை செய்கிறது, எது சொதப்புகிறது? (அனுபவப் பகிர்வு)

தகடுதாளம்:

டிரம் பேட் செய்ய இறங்குகிறவர்கள் முதலில் ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டைக் கையில் எடுத்து கோட் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பேட் நன்றாக வாசிக்க வருமா என்பது அதற்கு முன்பே, மரம், ஃபோம், தகடு, ரப்பர் நான்கையும் அடுக்கும்போதே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதனால் அடுக்கிலிருந்து தொடங்குகிறேன்.

8 அங்குல பேட் ஒன்றுக்கு, கீழிருந்து மேலாக: 12 மி.மீ. பிளைவுட் வட்டம், அதன்மேல் 10 மி.மீ. ஃபோம், அதன்மேல் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, கடைசியாக 5 அல்லது 6 மி.மீ. ரப்பர். 27 மி.மீ. அல்லது 35 மி.மீ. பீசோ டிஸ்க்கை (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், பீங்கான் பதித்த பித்தளை வட்டு) தகட்டின் அடிப்பக்கம் நடுவில் ஒட்ட வேண்டும். அது உட்கார ஃபோமில் 40 மி.மீ. வட்ட ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஃபோம் பீசோவின் முதுகை அழுத்தும், சால்டர் முனை சில வாரங்களில் பிய்ந்துவிடும்.

தகடு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ரப்பருக்கு அடியில் நேராக பீசோவை வைத்தால் நடுவில் அடிக்கும்போது முழு வேகமும் வரும், இரண்டு அங்குலம் தள்ளி அடித்தால் பாதிகூட வராது. தகடு இருந்தால் அடி எங்கே விழுந்தாலும் தகடு முழுவதும் சேர்ந்து அதிர்கிறது. தகட்டை மரத்தைவிட 10 மி.மீ. குறைந்த விட்டத்தில் வெட்டுங்கள். அது மரத்தையோ திருகையோ எந்த இடத்திலும் தொடக்கூடாது. ஒரே ஒரு திருகுத் தலை தொட்டாலும் ஸ்டாண்டின் அதிர்வு முழுக்க அந்த வழியாக ஏறி வரும்.

ரப்பரைத் தகட்டோடு ஒட்டும்போது பசையை இரண்டு பக்கமும் தடவி, ஒட்டும் பதத்துக்குக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிட்டால் அந்த இடம் செத்த இடம்தான். பிறகு எந்த செட்டிங்கிலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஃபோமின் பதம் முக்கியம். கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய பாதி வரை அமுங்கி, ஆடாமல் திரும்பி வர வேண்டும். அதைவிட மெத்தென்று இருந்தால் அடித்த பிறகும் தகடு ஆடிக்கொண்டே இருக்கும், ஓர் அடிக்கு இரண்டு ஒலி கேட்கும். கல்லாக இருந்தால் பக்கத்து பேடின் அதிர்வைத் தடுக்காது.

சால்டர்மேசை:

அடுக்கு சரியாகச் சொன்னீங்க. பீசோ பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். பித்தளைப் பக்கத்துல சால்டர் பண்றது சுலபம். நடுவுல இருக்கிற வெள்ளிப் பூச்சுதான் சிக்கல். அதிக நேரம் சூடு காட்டினா பூச்சு ஈயத்தோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். வயர் முனையில முன்னாடியே ஈயம் பூசிட்டு, ஒரு நொடிக்குள்ள தொட்டு எடுத்துடணும். வயரோட வர்ற டிஸ்க் கிடைச்சா அதையே வாங்குங்க. எப்படியிருந்தாலும் சால்டர் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வயரைத் தகட்டோட ஹாட் குளூ வெச்சுப் பிடிக்கணும். அதிர்வுல முதல்ல அறுந்து போறது அந்த இடம்தான்.

பீசோவை ஒட்ட மெல்லிய ஃபோம் டபுள் டேப் போதும். சூப்பர் குளூ வெச்சா சிக்னல் கொஞ்சம் கூடுதலா வரும், ஆனா தகடு வளையும்போது பீங்கானும் சேர்ந்து வளைஞ்சு விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரை கெப்பாசிட்டன்ஸ்ல வெச்சுப் பாருங்க. நல்ல 27 மி.மீ. டிஸ்க் ஏறக்குறைய 20 நானோஃபாரட் காட்டும். திடீர்னு 12, 13னு இறங்கியிருந்தா பீங்கான்ல ஒரு துண்டு கழண்டுடுச்சுன்னு அர்த்தம். "ஒரு பேட் மட்டும் மெதுவா கேக்குது"ங்கிற புகாருக்கு முதல்ல செய்ய வேண்டிய சோதனை இதுதான், கோட் பக்கம் போக வேண்டாம்.

இனி சர்க்யூட். பீசோவோட இரண்டு முனைக்கும் குறுக்கே 1 மெகா ஓம். பிறகு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா அனலாக் பின்னுக்கு. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 5.1 வோல்ட் ஜீனர் (வோல்ட்டேஜ் அளவு மீறாம தடுக்கிற டையோடு), கோடு போட்ட பக்கம் பின்னைப் பார்த்து. பலமா அடிச்சா பீசோ பத்து, இருபது வோல்ட்டுக்கு மேலயும் தாண்டும். ஜீனர் இல்லாம நேரா இணைச்சா சில நாள் ஓடும், அப்புறம் அந்த பின் போயிடும்.

அந்த 1 மெகா ஓம் எங்கே இருக்கணும்கிறது ரொம்ப முக்கியம். அது போர்டு பக்கம் இருக்கணும், பேட் உள்ள இருக்கக் கூடாது. பேட்ல வெச்சுட்டா, கேபிளைக் கழட்டின உடனே பின் அந்தரத்துல நிக்கும், யாரும் தொடாமலே ஸ்நேர் டிரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். பயன்படுத்தாத அனலாக் பின்களையும் கிரவுண்ட்ல கட்டிடுங்க.

தகடுதாளம்:

ஒரு சேர்க்கை. மேலே சொன்ன 5.1 வோல்ட் ஜீனர் 5 வோல்ட் போர்டுக்குத்தான் சரி. டீன்சி, ஈஎஸ்பி32, ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ எல்லாம் 3.3 வோல்ட். "3.3 வோல்ட் ஜீனர் போட்டால் ஆயிற்று" என்று தோன்றும். ஆனால் குறைந்த வோல்ட் ஜீனர்கள் சட்டென்று திறப்பதில்லை. 2 வோல்ட்டைத் தாண்டும்போதே கசியத் தொடங்கி, பலமான அடிகளையெல்லாம் ஒரே அளவாக நசுக்கிவிடும். இரண்டு ஷாட்கி டையோடுகள் நல்லது: ஒன்று பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு, மற்றது கிரவுண்டிலிருந்து பின்னுக்கு. அப்போது 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை 10 கிலோ ஓமாக மாற்றிவிடுங்கள்.

ஈஎஸ்பி32-இல் இன்னொரு குறையும் உண்டு. அதன் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் பூஜ்யமாகவே படிக்கும். மென்மையான அடிகள் காணாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மெதுவான கோஸ்ட் நோட் வாசிக்க விரும்புகிறவர்கள் சிக்னலைப் பாதி வோல்ட்டேஜுக்கு உயர்த்தி வைத்து, அதிலிருந்து மேலும் கீழும் அளக்க வேண்டும்.

எட்டு, பதினாறு பேட் வேண்டும் என்று 4051, 4067 மல்டிபிளெக்சர் (பல உள்ளீடுகளை மாற்றி மாற்றி ஒரே பின்னுக்கு இணைக்கும் சிப்) போடுகிறவர்களுக்கு: பாதுகாப்பு டையோடு மல்டிபிளெக்சருக்கு முன்னால், ஒவ்வொரு உள்ளீட்டிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். வெளியீட்டில் ஒன்றே ஒன்று போட்டு மிச்சம் பிடிக்கக்கூடாது. ஓர் உள்ளீடு கிரவுண்டுக்குக் கீழே அரை வோல்ட் இறங்கினாலே சிப்பின் உள்ளே மற்ற சேனல்களுக்கும் அது கசியும். டாம் டிரம் அடித்தால் கிராஷ் சிம்பல் கேட்கும் வினோதம் பல சமயம் இதுதான்.

மிடி38:

ஹார்ட்வேர் சரியான பிறகுதான் மென்பொருளில் மூன்று எண்களுக்கு மதிப்பு: த்ரெஷோல்ட் (அடி என்று கணக்கில் எடுக்கும் குறைந்த அளவு), ஸ்கேன் டைம் (உச்சத்தைத் தேடும் நேரம்), மாஸ்க் டைம் (அடித்த பேடைக் கண்டுகொள்ளாத நேரம்). ஆர்டுயினோவுக்கான ஹலோ டிரம் லைப்ரரியிலும் இதே மூன்று பெயர்களைப் பார்க்கலாம்.

த்ரெஷோல்டைத் தாண்டிய முதல் அளவையே வெலாசிட்டியாக (அடியின் பலத்தைச் சொல்லும், 127 வரை போகும் எண்) எடுப்பதுதான் அடிக்கடி காணும் தவறு. அந்த நொடியில் அலை மேலேறிக்கொண்டிருக்கிறது, உச்சம் வர இன்னும் 1 அல்லது 2 மில்லிசெகண்ட் ஆகும். எனவே த்ரெஷோல்டைத் தாண்டியதும் 2 மில்லிசெகண்ட் தொடர்ந்து படித்து, அதில் பெரியதை எடுக்க வேண்டும். பிறகு 30 மில்லிசெகண்ட் வரை அந்த பேடைக் கண்டுகொள்ளக்கூடாது. 200 பிபிஎம்மில் பதினாறாம் நோட்டுகளுக்கு இடையே 75 மில்லிசெகண்ட் இருப்பதால் அவை தப்பிவிடும். நெருக்கமான ரோல் வாசிக்கிறவர்கள் ஸ்நேருக்கு மட்டும் 20-க்கு இறக்கலாம்.

இங்கே ஆர்டுயினோ ஊனோ போர்டின் வேகம் இடிக்கும். பின்னைப் படிக்கும் சாதாரண அனலாக்ரீட் கட்டளை ஒன்று ஏறக்குறைய 104 மைக்ரோசெகண்ட் எடுக்கிறது. ஆறு பேடைச் சுற்றி வர 0.6 மில்லிசெகண்டுக்கு மேல். 2 மில்லிசெகண்ட் ஜன்னலில் ஒரு பேடுக்கு மூன்று அளவுதான் கிடைக்கும், உச்சம் நழுவும், ஒரே பலத்தில் அடித்தாலும் வெலாசிட்டி 70, 110, 85 என்று குதிக்கும். ஏடிசி பிரிஸ்கேலரை (ஏடிசியின் கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 128-லிருந்து 16-க்கு மாற்றுங்கள். பத்து பிட் துல்லியம் சற்றுக் குறையும், அதனால் இழப்பு இல்லை. நமக்குத் தேவை 127 படிகள்தான்.

எப்படி அடித்தாலும் 127 வருகிறது என்றால் சிக்னல் உச்சியில் வெட்டுப்படுகிறது. மென்பொருளில் வகுத்துப் பயனில்லை, வெட்டுப்பட்டது திரும்ப வராது. பீசோவுக்கு இணையாக 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். 20 நானோஃபாரட் டிஸ்க்கில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய 30 சதவீதமாக இறங்கும். கூடவே 1 மெகா ஓமை 330 கிலோ ஓமாகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் மின்னூட்டம் வடிய முன்பைவிட மூன்று மடங்கு நேரமாகும். டிரிம்பாட்டைவிட (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இந்த வழி மேல். டிரிம்பாட்டின் நடுமுனை சில நூறு கிலோ ஓம் காட்டும்போது, வேகமாகப் படிக்கும் ஏடிசிக்கு முந்தைய சேனலின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

கால்மிதி:

காலால் மிதித்து வாசிக்கும் கிக் பேட் பற்றி யாரும் தொடவில்லை. அதற்கு ரப்பர் பேடின் அளவுகள் ஒத்துவராது. மிதியின் பீட்டர் (சுத்தியல்) அடிக்கும் இடத்தில் 2 மி.மீ. தகடு, அதற்குப் பின்னால் 20 மி.மீ. கெட்டியான ஃபோம், அதற்குப் பின்னால் 18 மி.மீ. பிளைவுட். பின்பக்கம் முக்கோணத் தாங்கி கட்டாயம் வேண்டும். செங்குத்துப் பலகை மிக லேசாகப் பின்னால் சாய்ந்தாலும் ஒவ்வோர் அடிக்கும் இரண்டாவது துடிப்பு ஒன்று வரும். மாஸ்க் டைமை 60 வரை ஏற்றி அதை மறைப்பதைவிடத் தாங்கியைத் திருகிச் சரிசெய்வது நல்லது, ஏனென்றால் மாஸ்க் ஏறினால் இரட்டை மிதி அடிகள் விழுங்கப்படும்.

கிராஸ்டாக் (ஒரு பேடை அடித்தால் இன்னொன்றும் ஒலிப்பது) வந்தால் அது மரத்தில் வருகிறதா, வயரில் வருகிறதா என்று முதலில் பிரித்தறியுங்கள். சந்தேகப்படும் பேடை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, கேபிளோடு மடியில் அல்லது தலையணையில் வைத்துக்கொண்டு பக்கத்து பேடை அடித்துப் பாருங்கள். ஒலி நின்றால் அது அதிர்வு: கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவில் ரப்பர் துண்டு வையுங்கள். நிற்கவில்லையென்றால் சர்க்யூட்டில் தேட வேண்டும். அதிர்வில் வரும் மிச்சத்துக்குக் மென்பொருளில் ஒரு வழி உண்டு: 5 மில்லிசெகண்டுக்குள் இரண்டு பேட் த்ரெஷோல்டைத் தாண்டினால், சிறியது பெரியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதபோது அதை விட்டுவிடலாம். இந்த விகிதத்தை மிகவும் ஏற்றினால் இரண்டு கையும் சேர்ந்து விழும் அடிகளில் மென்மையானது தொலைந்துபோகும்.

வலைத்தோல்:

மெஷ் தலை (ரப்பருக்குப் பதில் இழுத்துக் கட்டும் வலைத் தோல்) போடுகிறவர்களுக்கு மட்டும். ரப்பரைவிட மணிக்கட்டுக்கு இதமானது, சத்தமும் குறைவு. 1981-இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 அறுகோண பேட்களின் முகம் கடினமான பாலிகார்பனேட். நீண்ட நேரம் வாசித்தவர்களுக்குக் கை வலித்தது என்ற பேச்சு இன்றும் உண்டு. ரோலண்ட் 1997-இல் டிடி-10 உடன் வலைத் தலையைக் கொண்டுவந்தபோது மாறியது முக்கியமாக இந்தத் தொடு உணர்வுதான்.

பழைய டாம் கூட்டில் குறுக்கே ஒரு பட்டை, அதன்மேல் சிறு தகடு, தகட்டில் பீசோ, பீசோவின் மேல் ஃபோம் கூம்பு. கூம்பின் உச்சி கூட்டின் விளிம்பைவிட 2 அல்லது 3 மி.மீ. உயரமாக நிற்க வேண்டும். குறைந்தால் மெஷ் அதைத் தொடாது, மென்மையான அடி எதுவும் பதிவாகாது. கூடினால் நடுவில் கட்டி போல விரலுக்குத் தட்டுப்படும், துள்ளலும் கெடும். கூம்பு நடுவில் இருந்தால் அதன் நேர்மேலே அடிக்கும்போது வெலாசிட்டி எகிறும். ஸ்நேருக்கு அது பெரிய தொல்லை. கூம்பை விளிம்பிலிருந்து 4 சென்டிமீட்டர் உள்ளே, வாசிப்பவருக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் கை அங்கே போவது அரிது. இப்படி வைத்தால் மொத்த சிக்னல் சற்றுக் குறையும், த்ரெஷோல்டை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிம்முக்கு (விளிம்பு வளையம்) இரண்டாவது பீசோ, கூட்டின் உள்சுவரில், இதை மட்டும் கெட்டியாக ஒட்டலாம். ஸ்டீரியோ ஜாக்கில் டிப் தலைக்கு, ரிங் ரிம்முக்கு. தலையில் அடித்தாலும் ரிம் பீசோ கேட்கத்தான் செய்யும், அதனால் தனி த்ரெஷோல்ட் மட்டும் போதாது. இரண்டின் உச்சங்களையும் ஒப்பிட்டு, எது ஓங்கியிருக்கிறதோ அந்த நோட்டை மட்டும் அனுப்ப வேண்டும்.

மிடி38:

ஹை-ஹாட் (மிதியால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) மிதிக்கு டிசிஆர்டி5000 ஒளி சென்சார் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் பிரதிபலிப்பு 2.5 மி.மீ. தூரத்தில் உச்சம். அதைவிட நெருங்கினால் அளவு மறுபடி இறங்கும். முழுக்க மூடிய நிலையில் "திறந்திருக்கிறது" என்று காட்டும் மர்மம் அதுதான். மிதி முழுக்க அமுங்கியபோதும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி நிற்கும்படி பொருத்தி, வெளிச்சம் புகாமல் மூடிவிடுங்கள். மிடியில் (இசைக் கருவிகள் கம்ப்யூட்டரோடு பேசும் முறை) மிதியின் நிலை சிசி 4 என்ற கன்ட்ரோல் செய்தியாகப் போகும், அடி நோட் 42 (மூடியது) அல்லது 46 (திறந்தது) ஆகப் போகும். கிக் 36, ஸ்நேர் 38, கிராஷ் 49, ரைடு சிம்பல் 51, எல்லாம் பத்தாவது சேனலில்.

சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்துவதற்கு நோட்-ஆஃப் அனுப்பினால் பல சாம்ப்ளர்கள் (ஒலியை எழுப்பும் மென்பொருள்கள்) காதில் போட்டுக்கொள்ளாது. அந்த நோட்டுக்கே பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் 127 அனுப்பினால் பெரும்பாலானவை கேட்கும்.

சால்டர்மேசை:

தாமதம் பத்தி ஒரு வார்த்தை. எல்லாம் முடிஞ்ச பிறகு "அடிச்சு கொஞ்சம் கழிச்சுத்தான் சத்தம் வருது"ன்னா பேடைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. ஸ்கேன் 2 மில்லிசெகண்ட். மிடி கேபிள்ல மூணு பைட் போக 1 மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. கம்ப்யூட்டரோட ஆடியோ செட்டிங்ல 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள் பஃபர் 2.9 மில்லிசெகண்ட், 512 வெச்சிருந்தா 11.6. பாதிப் பேருக்குக் குற்றவாளி அந்த 512தான், 128க்கு இறக்கினா சரியாயிடும்.

மீதிப் பேருக்கு யுஎஸ்பி சீரியல். ஊனோ தானா மிடி கருவியாத் தெரியாது, கம்ப்யூட்டர்ல ஒரு பாலம் மென்பொருள் ஓடணும். யுஎஸ்பியை சீரியலா மாத்துற எஃப்டிடிஐ சிப் இருக்கிற போர்டா இருந்தா அதோட டிரைவர் லேட்டன்சி டைமர் 16 மில்லிசெகண்ட்ல வரும். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர், போர்ட், அட்வான்ஸ்டு போய் 1 ஆக்கிடுங்க. இந்தத் தொல்லையே வேண்டாம்னா லியோனார்டோ, ப்ரோ மைக்ரோ மாதிரி 32யு4 சிப் போர்டு எடுங்க. அது நேரடியா யுஎஸ்பி மிடியாவே தெரியும்.