ஃபிரேமுக்குள் இருக்கும் அப்ஸ்ட்ராக்ட் பிரிண்ட் நெளிந்துவிட்டது, என்ன செய்வது?

வெள்ளைச்சுவர்:
வணக்கம். ஹாலுக்கு மூன்று அப்ஸ்ட்ராக்ட் பிரிண்ட் வாங்கி, 50-க்கு 70 செ.மீ. ஃபிரேமில் நானே போட்டு மாட்டினேன். இரண்டு சோபாவுக்கு மேலே, ஒன்று பக்கத்துச் சுவரில். நான்கு மாதம் நன்றாகத்தான் இருந்தன. இப்போது பக்கத்துச் சுவரில் இருப்பது மட்டும் அலை அலையாக எழும்பியிருக்கிறது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி விளக்கைப் போட்டால் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெரிகிறது. அதோடு கீழே வலது மூலையில், அடர்நீலத்தில், எண்ணெய் பட்டது போல ஒரு திட்டு. வீட்டுக்கு வந்த ஒருவர் "இதுவும் டிசைன்தானா?" என்று கேட்டுவிட்டார். பிரிண்ட் போட்டதில் குறையா? திருப்பிக் கொடுக்க முடியுமா?

கோணல்ஆணி:
மூன்றும் ஒரே தாள் என்றால் குறை பிரிண்டில் இருக்காது. மூன்று கேள்வி. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தாளைப் பின்னட்டையில் எப்படி ஒட்டினீர்கள்? தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட், அதாவது நடுவே ஜன்னல் போல வெட்டிய தடித்த அட்டை, இருக்கிறதா?

வெள்ளைச்சுவர்:
பின்னால் குளியலறை! இது எனக்குத் தோன்றவே இல்லை. நகரக் கூடாது என்று நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கினேன். மவுண்ட் இல்லை, தாள் கண்ணாடியோடு ஒட்டித்தான் இருக்கிறது.

கோணல்ஆணி:
அப்படியானால் மூன்று தப்பும் ஒரே ஃபிரேமில். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே வழியாகத்தான் வந்தேன்.

தாள் ஈரத்தை இழுத்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீளவாக்கில் விரிவது கம்மி, குறுக்கே அதிகம். அதனால்தான் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும், பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் விரிகிற தாளுக்குப் போக இடமில்லை. முன்னால் எழும்பத்தான் செய்யும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சின்ன டேப் துண்டு போதும், மீதி சும்மா தொங்கட்டும். சாதாரண செலோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும். அமிலம் இல்லாத காகித டேப் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் திட்டுதான் எனக்குக் கவலை. அது எண்ணெய் இல்லை, பளபளப்புத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிரேமைத் திறக்கும்போது இழுக்காதீர்கள். தண்ணீரும் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை:
அயர்ன் பாக்ஸ் வைத்தால் நேராகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்! நான் கேட்டேன். இங்க்ஜெட் பிரிண்டின் பூச்சு துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளைச்சுவர்:
திறந்துவிட்டேன். இழுக்காதீர்கள் என்று நீங்கள் எழுதியதைப் பார்ப்பதற்கு முன்பே. மூலையில் விரல் நகம் அளவு நீலம் கண்ணாடியோடு போய்விட்டது. விளிம்பிலிருந்து ஒரு செ.மீ.க்குள் வெள்ளைத் தாள் தெரிகிறது. வயிறு எரிகிறது.

கோணல்ஆணி:
சரி, விடுங்கள். ஒரு செ.மீ.க்குள் என்றால் தப்பித்தீர்கள். 60-க்கு 80 ஃபிரேம் வாங்கி, ஜன்னல் 48-க்கு 68 வெட்டிய மவுண்ட் போடுங்கள். சுற்றிலும் ஒரு செ.மீ. உள்ளே மறைந்துவிடும், காயமும் அதோடு போகும். மவுண்டின் கனத்தால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் கிடைக்கும். மவுண்டும் அமிலம் இல்லாததாக இருக்கட்டும். மலிவானதில் வெட்டிய ஓரம் சில வருடத்தில் பழுப்பாகும், அதைத் தொட்டிருக்கிற தாளிலும் கோடு விழும்.

அதற்கு முன்னால் பிரிண்டை இரண்டு சுத்தமான ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே சமமான பலகை, அதற்கு மேலே கனமான புத்தகங்கள். ஒரு வாரம் தொடாதீர்கள். முழுசாக நேராகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், பாதிக்கு மேல் அடங்கும்.

நிழல்விரும்பி:
சுவரையும் மாற்றுங்கள். மாற்ற முடியாது என்றால் ஃபிரேமின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டுங்கள், சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். ஆனால் ஈரத்துக்குப் பயந்து நேர் வெயில் விழும் சுவருக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளுத்த நிறம் திரும்பி வராது. புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் வெளுப்பது தாமதமாகும், நிற்காது.

வெள்ளைச்சுவர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். புத்தகத்துக்கு அடியில் வைத்ததில் ஓரமாக ஒரு மெல்லிய அலை தவிர எல்லாம் அடங்கிவிட்டது. மவுண்டும் வந்துவிட்டது. மற்ற இரண்டையும் திறந்து மூன்று பக்க டேப்பை வெட்டிவிட்டேன். இப்போது மூன்றும் சோபாவுக்கு மேலே.

அப்புறம் ஒரு அசட்டுச் சந்தேகம். வெளியே எடுத்த பிறகு இதில் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. கையெழுத்தும் இல்லை. நீலம் போன மூலை கீழே வலது என்று வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நிழல்விரும்பி:
அசடே இல்லை. 1961-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் மத்தீஸின் 'படகு' 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. இன்னொரு ஓவியர் மொந்திரியான் வண்ண டேப் ஒட்டிச் செய்த 'நியூயார்க் சிட்டி 1' பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்று 2022-ல் ஜெர்மனியில் சொன்னார்கள். திருப்பினால் டேப் பிரிந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள்.

அது இருக்கட்டும். நான்கு மாதமாகத் தொங்கியதுதான் சரியான பக்கம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

வெள்ளைச்சுவர்:
யாரும் சொல்லவில்லை! திருப்பி மாட்டிப் பார்த்தேன். அடர்நீலம் மேலே போனதும் இதுதான் நன்றாக இருக்கிறது. வீட்டில் இதுவரை யாரும் கவனிக்கவில்லை.