ஏர்போர்ட் பக்கத்துல கட்டட உயரம்: ப்ளேன் அவ்ளோ மேல போகுதே, நம்மள ஏன் குறைக்கச் சொல்றாங்க?

மாடிக்கணக்கு:
வணக்கம். ரன்வேக்குப் பக்கவாட்டுல மூணரை கிலோமீட்டர்ல எங்க மனை. 44 மீட்டருக்கு பிளான் போட்டு ஏர்போர்ட் தரப்புல என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) குடுத்தோம், தரையிலேர்ந்து 36 மீட்டர்தான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இறங்குற ப்ளேனோ ஏறுற ப்ளேனோ எங்க தலைக்கு மேல வர்றதே இல்ல. அதவிட எனக்குப் புரியாதது, இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி 80 மீட்டர்ல ஒரு டவர் நிக்குது. அது செல்வாக்கா, இல்ல நிஜமாவே ரூல் அப்படியா? ரெண்டு மாடிக்கு மேல இழக்குறோங்க, எங்களுக்கு சின்ன விஷயம் இல்ல.

லெவல்மெஷின்:
செல்வாக்கு இல்லீங்க, கணக்குதான். ஐசிஏஓ, அதாவது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்போட, அனெக்ஸ் 14ங்கற ஏர்போர்ட் விதிமுறைல ஏர்போர்ட்ட சுத்தி கண்ணுக்குத் தெரியாத கூரை மாதிரி சில பரப்புகள் சொல்லியிருக்காங்க, நாடுகள் அத அடிப்படையா வச்சுதான் அவங்கவங்க ரூல் போடுறாங்க. பெரிய ரன்வேன்னா சுத்தி 4 கிலோமீட்டர் வரைக்கும் ஏர்போர்ட் மட்டத்துக்கு மேல 45 மீட்டர்ல தட்டையா ஒரு கூரை. அந்த விளிம்புலேர்ந்து கூம்பு மாதிரி 5 சதவீத சரிவுல மேல ஏறும், 20 மீட்டர் தள்ளிப் போனா 1 மீட்டர் கூடுதல், மொத்தம் 100 மீட்டர் ஏறுற வரைக்கும். நீங்க தட்டைக்குள்ள மாட்டியிருக்கீங்க, அந்த டவர் 5 கிலோமீட்டர்ல இருக்கறதால கூம்புல 1 கிலோமீட்டர் உள்ள, அதனால அங்க 45ம் 50ம் சேர்த்து 95 மீட்டர்.

அப்போ உங்களுக்கு 45 வரணுமே, ஏன் 36? உங்க தரை ஏர்போர்ட்டவிட 9 மீட்டர் மேடா இருக்கும், செக் பண்ணிப் பாருங்க. உச்சிய கடல் மட்டத்துலேர்ந்துதான் அளப்பாங்க. ஏர்போர்ட் 12 மீட்டர்னா கூரை 57, உங்க தரை 21னா மிச்சம் 36, அவ்ளோதான். அந்த 36க்குள்ளயே லிஃப்ட் ரூம், தண்ணி டேங்க், இடிதாங்கி, ஆன்டெனா எல்லாம் அடங்கணும்.

ரன்வே27:
நான் ஃபிளை பண்றவன், அதனால அந்தப் பக்கத்த சொல்றேன். நீங்க பாக்குறது எல்லாம் சரியா நடக்குற நாள். 3 டிகிரில இறங்கும்போது ரன்வேக்கு 5 கிலோமீட்டர் முன்னாடி நாங்க கிட்டத்தட்ட 275 மீட்டர்ல இருப்போம், அதே இடத்துல கீழ இருக்குற அப்ரோச் பரப்பு, அதாவது இறங்குற பாதைக்குக் கீழ கட்டடம் தாண்டக் கூடாத சரிவான கூரை, 110 மீட்டர்கிட்டதான். நடுவுல இருக்குற அந்த இடம் வீண் இல்ல. ஏறும்போது ஒரு இன்ஜின் நின்னுபோச்சுன்னு வைங்க, ரெண்டு இன்ஜின் ஜெட்டுக்கு வீலை உள்ள இழுத்தப்புறம் கேக்குற குறைஞ்சபட்ச ஏற்றமே 2.4 சதவீதம்தான், அதாவது ஒரு கிலோமீட்டர் போனா 24 மீட்டர். தடை தாண்டுற கணக்குல அதுலயும் 0.8 கழிச்சு 1.6 சதவீதம்னு வச்சு, அந்த கணக்குக்குக் கீழயும் 35 அடி இடைவெளி காட்டணும். முன்னாடி ஒரு கட்டடம் உயர்ந்துட்டா ஆளையோ சரக்கையோ குறைச்சு எடை எறக்கணும், வேற வழி இல்ல.

பக்கவாட்டுல ஏன்னு கேட்டீங்க. ரன்வேய கண்ணால பாத்துக்கிட்டே தாழ்வா சுத்தி வந்து இறங்க வேண்டிய நேரம் வரும், மேகம் கீழ, மழை கண்ணாடிய அடிச்சுக்கிட்டிருக்கும், அந்த தட்டைக் கூரை அதுக்குத்தான்.

கிரேன்சைட்:
எல்லாரும் கட்டடத்தயே பேசுறீங்க, கிரேன மறந்துடாதீங்க, பல இடத்துல அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். நான் வேலை பாத்த ஒரு சைட்ல லஃபிங் கிரேன் (கைய மேல தூக்கி கீழ இறக்குற வகை), வேலை முடிஞ்சு காத்துல சுத்தவிடும்போது அதோட கை மேல தூக்கித்தான் நிக்கும், அந்த உயரம் அப்ளிகேஷன்ல போட்டதவிட அதிகம். யாரும் கவனிக்கல. அளந்து பாத்தப்புறம் வேலைய நிறுத்திட்டு மறுபடியும் பேப்பர் போட்டோம். அன்னிக்கு ராத்திரி மேகத்துல வந்து யாராவது மாட்டியிருந்தான்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது. லண்டன்ல 2013 ஜனவரில பனிமூட்டத்துல ஒரு ஹெலிகாப்டர், கட்டிக்கிட்டிருந்த டவரோட கிரேன்ல மோதி பைலட்டும் கீழ ரோட்டுல போனவர் ஒருத்தரும் செத்துப்போனாங்க.

லைட்டும் அப்படித்தான். அனெக்ஸ் 14 படி 45 மீட்டருக்குக் கீழ சின்ன சிவப்பு லைட், அதுக்கு மேல மீடியம், 150 தாண்டினா பகல்லயும் தெரியுற வெள்ளை ஃபிளாஷ். அது எரியலன்னா உடனே ஏர்போர்ட்டுக்கு சொல்லணும், அவங்க பைலட்டுங்களுக்கு நோட்டாம்னு ஒரு எச்சரிக்கை அறிவிப்பு போடுவாங்க. பல்புதானே, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடுறவங்கள பாத்தா எனக்கு ஆத்திரமா வரும்.

மாடிக்கணக்கு:
ரொம்ப நன்றி. தரை லெவல் பாத்தாச்சு, 20.8 மீட்டர். ஆர்க்கிடெக்ட்கிட்ட கேட்டா அவர் போட்ட 44ல தண்ணி டேங்க்கும் இடிதாங்கியும் சேர்க்கவே இல்லையாம். எங்களுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல ஒரு பாறைக் குன்று இருக்கு, அது எங்க கட்டடத்தவிட உயரம், அத வச்சு ஏதாவது கேக்கலாமா?

லெவல்மெஷின்:
கேக்கலாம். ஷீல்டிங்னு சொல்வாங்க, அசைக்க முடியாத ஒரு தடை ஏற்கனவே இருந்து, உங்க கட்டடம் அதோட மறைவுலயே அடங்கிடுச்சுன்னா புதுசா ஆபத்து கூடலன்னு ஏத்துக்க இடம் இருக்கு. ஆனா அத அவங்க ஆய்வு பண்ணித்தான் முடிவு சொல்லணும், நாம கணிச்சுட்டு அஸ்திவாரம் தோண்டக் கூடாது. குன்றோட உச்சிய சர்வேயர வச்சு அளந்து, மனையோட மூலை லெவலோட சேர்த்துக் குடுங்க. இந்தத் தடவ இடிதாங்கி நுனி வரைக்கும் எழுதுங்க.