நாவல் எழுத வேர்டு உதவுகிறதா, டிடிபி (கணினியில் அச்சுக்கோக்கும்) வேலையை நம் தலையில் கட்டுகிறதா?

அரைப்பக்கம்:
முதல் நாவலைக் கையால் எழுதி முடித்தேன், 300 பக்கத்துக்கு மேல். பதிப்பகத்தில் "யூனிகோடில் அடித்து வேர்டு ஃபைலாக் குடுங்க" என்கிறார்கள். அடிக்கிற நேரத்தில் அடுத்த நாவலே எழுதிவிடலாம். முன்பு அச்சுக்கோப்பவர் செய்த வேலையை இப்போது எழுதுகிறவனே கூலியில்லாமல் செய்கிறான். இதற்குப் பெயர் உதவியா?

மெய்ப்புக்காரி:
கூலி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அடிப்பது மட்டும்தான் வேர்டு என்று நினைத்தால் எப்படி? அத்தியாயத் தலைப்புகளுக்கு 'ஹெடிங்' ஸ்டைல் கொடுங்கள். இடப்பக்கம் நேவிகேஷன் பட்டையில் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிடித்து நான்குக்கு மேலே இழுத்துவிட்டால், உள்ளே இருக்கிற அத்தனை பக்கமும் கூடவே நகரும். ட்ராக் சேஞ்சஸ் போட்டால் எடிட்டர் எந்த வரியை வெட்டினார் என்று தெரியும். பிடிக்கவில்லையா, 'ரிஜெக்ட்'. சிவப்பு மையில் அடித்த பிரதியில் இப்படிச் சண்டை போட முடியுமா?

தட்டச்சுத்தம்பி:
எல்லாம் ஆங்கிலத்துக்குச் சரிக்கா. என் கதாநாயகன் பெயர் மணி. சேகர் என்று மாற்ற நினைத்து 'ரீப்ளேஸ் ஆல்' தட்டினேன். 'பத்து மணிக்கு' என்பது 'பத்து சேகர்க்கு' ஆனது. 'கண்மணி' கண்சேகர், 'மணியை' சேகர்யை. அம்மணி அம்சேகர் ஆனதைப் பார்த்து வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

மெய்ப்புக்காரி:
'முழுச்சொல் மட்டும்' போட்டிருந்தால்?

தட்டச்சுத்தம்பி:
அப்போது வேற்றுமை உருபு ஒட்டாத 'மணி' மட்டும் சிக்கும், அதிலும் 'பத்து மணி' சேர்ந்தே வரும். மணியிடம், மணியோடு எல்லாம் தப்பிவிடும். செல்வம் என்ற பெயர் இன்னும் மோசம். செல்வத்தை, செல்வத்துக்கு என்று அடியே மாறிவிடுகிறது. 'செல்வம்' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அரைப்பக்கம்:
பார்த்தீர்களா! நான் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பீர்கள்.

மெய்ப்புக்காரி:
மணியை, மணியிடம் என்று ஒவ்வொரு வடிவமாகத் தேடி, 'அடுத்தது' தட்டித் தட்டி மாற்றணும் தம்பி. எட்டு வேற்றுமையும் ஞாபகம் இருந்தால் அரை மணி நேர வேலை. கையெழுத்துப் பிரதியில் முந்நூறு பக்கத்தையும் விரல் வைத்துப் படிக்கணும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்கள் கட்சிக்குத்தான் பலம். 'கௌதம்' என்று தேடினால் சிலருடைய ஃபைலில் பாதிதான் கிடைக்கும். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது 'கெளதம்' என்ற வேறு ஆள். புரூஃப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

தட்டச்சுத்தம்பி:
சந்திப்பிழைக்கு?

மெய்ப்புக்காரி:
நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' என்ற இணையத் தமிழ்ப் பிழைதிருத்தியில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். அது சொல்கிற எல்லாவற்றையும் ஏற்க மாட்டேன். வட்டார வழக்கில் எழுதின உரையாடல் எந்தத் திருத்திக்கும் பிழையாகத்தான் தெரியும். அதை நம்பி 'வந்துட்டாக' என்பதை 'வந்துவிட்டார்கள்' ஆக்கினால் கதை செத்தது.

அரைப்பக்கம்:
சரிம்மா, கட்சி மாறவில்லை. ஆனால் அந்த அத்தியாயம் நகர்த்துகிற விஷயம் உறுத்துகிறது. கைப்பிரதியில் ஒரு அத்தியாயத்தை முன்னால் போட, தைத்திருந்த நூலைப் பிரித்து, பக்க எண்ணெல்லாம் அடித்துத் திருத்தினேன். எந்த விசைப்பலகை பழகலாம்?

தட்டச்சுத்தம்பி:
தமிழ்99 ஐயா, 1999ல் தமிழக அரசு ஏற்றது. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. புள்ளி தானாக விழும்.

அரைப்பக்கம்:
'அம்மணி'க்கு?

தட்டச்சுத்தம்பி:
ஐயா, அதை விட்டுடுங்களேன்.